பார்த்தவர்களுக்காக ஒரு ஜெபம்

பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வலது கையை இறுக மூடி நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அம்பத்தூரிலிருந்து பட்டணத்துக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை பஸ். வெயில் நன்றாக ஏறிவிட்டது. பாடி திருப்பத்தில் லாரிக்கு வழிவிட்டு டிரைவர் ஒடித்தபோது ஒரு பெரியவர் மடியிலேயே விழப்பார்த்தேன்.

“ரெண்டு கையாலயும் புடிச்சிகினு நில்லும்மா,” என்றார் கண்டக்டர். “அந்தக் கைக்குள்ள இன்னா கீது? கோழிக்குஞ்சா?”

“பிரசாதம்ண்ணே. ஆஸ்பத்திரிக்கு எத்துகினு போறேன்.”

“எந்தக் கோயிலு?”

“சர்ச்சு.”

கண்டக்டர் கொஞ்சம் யோசித்தார். சர்ச்சில் பிரசாதம் தருவார்களா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. “சாமி பிரசாதம் வச்சிகினு நிக்கிது. யாராச்சும் எடம் குடுங்கப்பா,” என்று சத்தம் போட்டார். அந்தப் பெரியவரே எழுந்துகொண்டார்.

உட்கார்ந்ததும் கையைத் திறந்து பார்த்தேன். கைக்குட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அதற்குள் வெள்ளையாக, அப்பளத்தைவிட மெல்லிசாக அந்த அப்பம். ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சபைக்குப் போகிற வாசகர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். திருவிருந்தில் கொடுக்கிற அப்பத்தை அங்கேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், ஞானஸ்நானம் வாங்காதவள் கையை நீட்டவே கூடாது என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நோயாளிக்காகக் கோயிலுக்குப் போனால் பிரசாதத்தை அவர் வாயில் முதலில் போட வேண்டும், வழியில் நாம் தொட்டுக்கூடப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

வார்னிஷ் வாசனை

போன வாரம் நாங்கள் பாரிவாக்கத்தை விட்டுப் பாடிக்கு வந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். இன்றுதான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழனி வேலை பார்த்த அப்பா போய்ச் சேர்ந்தபிறகு, அம்மாவும் நானும் பாடியில் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறைக்குக் குடிவந்தோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. எழுபதுகளின் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்டால் எனக்கும் என் சித்தி மகளுக்கும் சண்டை வரும். அவள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன்.

அந்த எஸ்டேட்டை இப்போது பார்க்கிறவர்களுக்கு அன்றைய அழகு புரியாது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஈசல் மாதிரி புறப்படும். ஏரிப்பக்கம் காற்று அடித்தால் ஈர மண் வாசனை, கம்பெனிப் பக்கம் அடித்தால் வார்னிஷ் வாசனை.

நான் காயில், அதாவது மோட்டாருக்குள் வைக்கிற கம்பிச்சுருள், சுற்றுகிற பிரிவில் இருந்தேன். எனாமல் பூசிய செம்புக் கம்பியை அச்சில் சுற்ற வேண்டும். ஒரு சுற்று தப்பினாலும் மோட்டார் புகைந்துவிடும் என்பதால் வேலையில் இருக்கும்போது எங்களிடம் யாரும் பேச மாட்டார்கள். பெண்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்துப் பேசாமல் இருக்கச் செய்த ஒரே இடம் அதுதான் என்று எங்கள் மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார். சுற்றிய காயிலை வார்னிஷில் முக்கிக் காயவைப்பார்கள். அந்த நெடி தலையைச் சுற்றும். அதனால் மாடியிலிருந்த எங்கள் பிரிவில் ஜன்னல்களைச் சாத்துவதே கிடையாது.

அந்த ஜன்னலைத்தான் நான் பிற்பாடு ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மெஷின்களைப் பழுது பார்க்க வருகிறவர் தேவசகாயம். முப்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் பென்சில் மாதிரி செருகிக்கொண்டு, மூக்கால் ஏதோ ஞானப்பாட்டை முனகிக்கொண்டே வருவார். ராகம் எப்போதும் தப்பாகத்தான் இருக்கும். “அண்ணே, நீங்க பாடினா மெஷினு இன்னும் கெட்டுப்போவும்,” என்று கிண்டல் செய்வோம். “கெட்டாத்தானே எனக்கு வேலை,” என்பார்.

சந்து

கம்பெனியில் அப்போது வேலைநிறுத்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தேவசகாயம் அதில் சேர மாட்டேன் என்றார். அவருக்கும் கோதண்டம் என்ற லேத் மெஷின்காரருக்கும் கேன்டீனில் பெரிய வாய்ச்சண்டை. கோதண்டம் யூனியன்காரர், கோபக்காரர். “உன்னை ஒரு கை பாக்கறேன்டா,” என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம். என் பிரிவில் எல்லாரும் கை கழுவப் போய்விட்டார்கள். நான் ஒரு காயிலை முடிக்காமல் விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே பின்பக்கச் சந்தில் தேவசகாயம் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவன் வந்தான். கையில் இரும்புக் கம்பி. ஓங்கி அடித்தான். அவர் திரும்பக்கூட இல்லை, அப்படியே சரிந்தார். விழுந்தவரை மறுபடியும் அடித்தான்.

சத்தம் எனக்குக் கேட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அடித்தவன் கம்பியைச் சந்தோர முள்ளுக்குள் வீசிவிட்டு ஒரு கணம் மேலே பார்த்தான். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அவன் முகத்தை நான் பார்த்துவிட்டேன். அது சேகர். எங்கள் லைன் வீட்டுக்காரரின் மகன். கம்பெனியில் காண்ட்ராக்டில் லோடு ஏற்றுகிற வேலை. யூனியன் பெரிய ஆட்கள் கண்ணில் பட்டால் நிரந்தர வேலை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

போலீஸ் வந்து கோதண்டத்தைப் பிடித்துக்கொண்டு போனது. முதல் நாள் சண்டை போட்டவர் அவர்தானே. கேன்டீனில் இருந்த எல்லாருமே அதற்குச் சாட்சி.

குடம்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா பாயில் படுத்திருந்தாள். தினமும் மத்தியானம் எனக்குச் சூடாகச் சோறு கொண்டுவருவாள். காலையில் கட்டிய சோறு உடம்புக்கு ஆகாது என்பது அவள் கட்சி. அன்றைக்கு வரவில்லை. “கம்பெனி கேட்டாண்ட ஒரே கூட்டம். திரும்பி வந்துட்டேன்,” என்றாள். அடுத்த நாளிலிருந்து முட்டி வலி என்று சோறு கொண்டுவருவதையே நிறுத்திவிட்டாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனேன். சேகர் அங்கே இருந்தான். நான் கேட்காமலேயே என் குடத்தை வாங்கி அடிக்க ஆரம்பித்தான்.

“கம்பெனில இன்னாவோ கலாட்டாவாமே?”

“ஆமாண்ணே.”

“நீ பாத்தியா?”

“நான் கை கழுவப் போயிட்டேன்.”

தண்ணீர் வழிந்தது. அவன் நிறுத்தவில்லை. “அதான் நல்லது,” என்றான். “உனக்கும் அம்மாவுக்கும் எது வேணும்னாலும் எங்கையில கேளு. நான் இருக்கிற வரிக்கும் இந்த ஊட்ல உங்களுக்கு எடம் கீது.”

அதைவிட அன்பாக அந்த ஊரில் யாரும் எங்களிடம் பேசியதில்லை. அதைவிடப் பயந்தும் நான் நடுங்கியதில்லை. வயசுப் பெண்ணையும் விதவைத் தாயையும் நம்பி வீடு கொடுக்கிற இடம் பாடியில் வேறு இல்லை. மூன்று இடங்களில் எங்களை விரட்டியபிறகுதான் அந்த அறையே கிடைத்தது.

கோதண்டத்தின் மனைவி வசந்தா என் பக்கத்து நாற்காலிக்காரி. அதுதான் கொடுமை. அவள் கம்பி சுற்றுவாள், கண்ணீர் அவள் கையிலேயே விழும். “எம் புருசன் வாய்தான்டி பெருசு. ஈ எறும்பைக்கூட அடிக்காது,” என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சுற்றுகளை எண்ணுவேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் கூரையைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பேன். பக்கத்தில் அம்மாவும் அப்படித்தான் கிடந்தாள். முட்டி வலிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அங்கி போட்ட ஐயர்

தேவசகாயம் பல நாள் நினைவில்லாமல் கிடந்து கண் திறந்தார் என்று சேதி வந்ததும், சனிக்கிழமை பெண்கள் சிலர் சேர்ந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். அவர் மனைவி எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தாயீ, நாளைக்கு எங்க சபையில போயி ஒரு வார்த்தை சொல்லிருதியா? அவ்வோ கண்ணு முழிச்சிட்டாவன்னு ஐயர்கிட்ட சொல்லணும். நான் வார்டை விட்டு நகர முடியாது.”

மற்றவர்களை விட்டு என்னை ஏன் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது. நான்தான் கட்டிலுக்கு மிக அருகில் நின்றேனோ என்னவோ.

அப்படித்தான் முதன்முதலாக ஒரு தேவாலயத்துக்குள் கால் வைத்தேன். அம்பத்தூரில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டிடம். வாசலில் செருப்புகள் கிடந்தன. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் பாயில். ஐயர் என்றதும் நான் பூணூலைத் தேடினேன். வெள்ளை அங்கி போட்டவர் ஒருவரைக் காட்டி இவர்தான் ஐயர் என்றார்கள். போதகரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சேதியைச் சொல்ல ஆராதனை முடியட்டும் என்று கடைசியில் உட்கார்ந்தேன். மாதத்தில் ஒரு முறை வரும் திருவிருந்து ஞாயிறு அது. பெண்கள் எழுந்து வரிசையாகப் போனார்கள். வரிசை நகர்ந்தால் நாமும் நகர்வோம் இல்லையா? போனேன், எல்லாரையும் பார்த்து முழங்கால் போட்டேன், கையை நீட்டினேன். அப்பம் கையில் விழுந்தது. இதை அந்த மனுஷன் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று தோன்றிவிட்டது. திராட்சரசப் பாத்திரம் வருவதற்கு முன்பே எழுந்து, கைக்குட்டையில் மடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சொல்ல வந்த சேதியைச் சொல்லவே இல்லை.

வார்டு

எஸ்தர் அக்கா கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்து இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டார். “ஏ தாயீ! இதை வெளிய கொண்டாரலாமா? ஐயருக்குத் தெரிஞ்சா என்னாகும்!”

தேவசகாயம் தலையில் போட்டிருந்த கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் சிரித்தார். சிரித்தால் விலா வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தார். அடிபட்டபிறகு அவர் சிரித்தது அன்றுதான் என்று அக்கா பிறகு சொன்னார். “வெயில்ல கொண்டாந்திருக்கா. குடு,” என்றார்.

(பின்னால் ஐயரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “அடுத்த மாசம் நீ சிரமப்பட வேண்டாம். நானே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன்,” என்றார். சொன்னபடி போகவும் செய்தார்.)

அப்பத்தைச் சாப்பிடுவதற்கு முன் தேவசகாயம் அக்காவைப் பார்த்து, “கோதண்டத்தை விட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. “அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு கத்துற பயல்லா. பின்னால வந்து அடிக்கிறவன் இல்ல. போலீஸ்கிட்டச் சொன்னா, நீ பாத்தியாங்கான். நான் எங்க பாத்தேன்?” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆண்டவரே, இந்தத் தங்கச்சி இம்புட்டுத் தூரம் கொண்டாந்த அப்பத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். என்னை அடிச்ச பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவன் கை இனிமே ஒருத்தர் மேலயும் விழாம அவனைக் காத்துக்கொள்ளும். கோதண்டத்தை வெளியே கொண்டுவாரும்.”

மூச்சு வாங்க நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“ஆண்டவரே, பட்டப்பகல்ல நடந்தது. யாராவது பாத்திருப்பாங்க. பயந்துபோய்க் கெடப்பாங்க. சோறு எறங்காது அவங்களுக்கு. எனக்கு ஒடம்புதான் வலிக்கு. அவங்க பாடு அதைவிடக் கஷ்டம். அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவங்களைத் தனியா விட்டுராதேயும். பக்கத்துலயே இரும். ஆமென்.”

அவர் கண் திறப்பதற்குள் நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். சுவரில் சாய்ந்து அழுதேன். நர்ஸ் ஒருத்தி நோயாளி இறந்துவிட்டார் என்று நினைத்து என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்த சாமிகளிடம் நான் கேட்டதெல்லாம் என்னைக் காப்பாற்று என்பதுதான். மண்டை உடைந்து கிடக்கிற ஒருவர் உடைத்தவனுக்காகவும், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவளுக்காகவும் வேண்டிக்கொள்வதை அதுவரை நான் கேட்டதே இல்லை. யாரிடம் இப்படியெல்லாம் வேண்டலாமோ அந்தச் சாமி எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “நீ யாருன்னு எனக்கு சரியா தெரியாது. பக்கத்துல இரு,” என்று சொன்னேன். என் முதல் ஜெபம் அதுதான். ஞானஸ்நானம் எல்லாம் பிறகு, ஆவடிக்குப் போனபிறகு.

ஸ்டேஷன்

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சேகர் பெயரைச் சொன்னபோதுகூட முறம் நிற்கவில்லை. ஜெபத்தைச் சொன்னபோது நின்றது.

“அந்த ஆளு இன்னான்னு வேண்டிகினாரு? இன்னொருவாட்டி சொல்லு.”

சொன்னேன். அரிசியில் குருவி வந்து உட்கார்ந்தது, அம்மா அதைக்கூட விரட்டவில்லை. பிறகு, “காலைல போலாம். நீ ஒண்டியா போவாதே, நானும் வரேன்,” என்றாள்.

காலையில் வசந்தாவிடம் விஷயத்தைச் சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வசந்தா என்னைத் திட்டவில்லை. வழியெல்லாம் என் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா உள்ளே நுழைந்ததும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“மாடி ஜன்னல்லேருந்து பாத்தேங்கிற. மேலேருந்து பாத்தா தலைமுடிதான் தெரியும். சேகர்தான்னு எப்படி அடிச்சுச் சொல்ற?”

“மேல பாத்தான் சார். மூஞ்சி தெரிஞ்சிச்சு.”

“ஒரு செகண்டு பாத்திருப்ப. அதுவும் பயத்துல. கோர்ட்டுல வக்கீல் கேட்டா நிப்பியா? நீ இந்தம்மா பக்கத்து சீட்டுன்னும் சொல்ற. சிநேகிதி புருஷனுக்காகச் சொல்றேன்னு ஒரே வரியில முடிச்சுடுவான்.” பேனாவை மூடினார். “வேற யாராவது பாத்தாங்களா?”

“இல்ல சார். யாருமே இல்ல.”

“நான் பாத்தேன்.”

பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து நின்றாள். முட்டி வலிக்காரி எதையும் பிடிக்காமல் நேராக எழுந்தாள்.

“சோத்துக் கேரியரை எத்துகினு சந்து வழியாத்தான் வந்துகினு இருந்தேன். முள்ளுப் பொதராண்ட நின்னுட்டேன். அடிச்சிட்டு எங்கால் பக்கத்துலதான் கம்பியை வீசிட்டுப் போனான். சேகர்தான். அவனுக்கு நான் சோறு போட்டுகீறேன், எனக்குத் தெரியாதா அவனை?”

“இத்தனை நாள் ஏம்மா சொல்லல? பயமா?”

“பயந்தான். இப்பவும் பயமாத்தான் கீது. நீ எழுது நைனா.”

அவர் எழுதினார். கம்பி முள்ளுக்குள்ளிருந்து கிடைத்தது, சேகரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோதண்டம் அந்த வாரமே வெளியே வந்தார். லைன் வீட்டுக்காரர் அடிபம்பைச் சங்கிலி போட்டுப் பூட்டினார், அடுத்து எங்களைக் காலி பண்ணச் சொன்னார். எஸ்தர் அக்கா ஆவடியில் தன் சொந்தக்காரர்கள் மூலம் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். அம்மா கடைசிவரை ஞானஸ்நானம் வாங்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு என்னோடு சபைக்கு வந்து கடைசிப் பாயில் உட்காருவாள். அவளை எழுந்து போகச் சொல்ல எந்த ஐயருக்கும் தைரியம் வந்ததில்லை.

அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து வசந்தாவை பஸ் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் நடந்தோம். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“நீ ஏன்டி சொல்லல?”

கொஞ்ச தூரம் போனபிறகு அம்மாவே பேசினாள்.

“உனக்குத் தெரியாது, நீயாச்சும் நிம்மதியா கீறேன்னு இருந்துட்டேன். நேத்து நீ அந்த ஜெபத்தைச் சொன்ன பாரு, எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. அந்த மனுசன் என்னைப் பாத்ததுகூட இல்ல. அடிபட்டுக் கெடந்துகினு எனக்காக வேண்டிகீறாரு. அதுக்கு மேல நான் எப்படிடி சும்மா குந்திகினு இருப்பேன்?”

அவர் வேண்டிக்கொண்டது எனக்காக என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.